மைனருக்குப் பின்னால் வந்த கார்

முப்பத்தொரு வயதில் ஓய்வு பெற்றுவிட்டேன் என்று சொன்னால், துறைமுகத்தில் இப்போது என்னோடு வேலை செய்கிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். கலியாணக் கார் ஓட்டுவது ஒரு முழுத் தொழில். அதில் சேர்ந்தேன், உழைத்தேன், பொறாமைப்பட்டேன், விலகினேன். மூன்றாவதைத்தான் அதிக காலம் செய்தேன்.

திலகம் அக்காவின் கராஜில் புதிதாகச் சேர்ந்த இரண்டு சாரதிகள் போன மாதம் என்னைத் தேடி வந்தார்கள். அந்தக் கராஜில் இருப்பது இரண்டே கார். ஒன்று அறுபதுகளுக்கு முந்திய மொரிஸ் மைனர், பால் நிறம். மற்றது ஜப்பானில் இருந்து வந்த வெள்ளை ஹைபிரிட். திறப்பைப் போட்டுத் திருப்பாமல், பொத்தானை அமத்தினால் வெளிக்கிடுகிற வகை. யார் எதை எடுப்பது என்று இரண்டு பேருக்கும் இழுபறி. "அண்ணை, நீங்கள் ரெண்டையும் பக்கத்தில இருந்து பார்த்தனீங்கள். எது திறம் எண்டு சொல்லுங்கோ" என்றார்கள். வாயால் தொடங்கினால் நான் நிறுத்த மாட்டேன் என்பது எனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். நான் ஓட்டியது ஹைபிரிட். நடுநிலையை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. உயர்தரத்தில் கணிதம் படித்தேன், பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதவில்லை, உப்புவெளியில் ஒரு கராஜில் ஒயில் கையோடு திரிந்தேன், விமான நிலையத்துக்கு வான் ஓட்டினேன். கார் பற்றிய வீடியோ எதையும் விடாமல் பார்ப்பேன். திலகம் அக்கா ஹைபிரிட்டை வாங்கிய கிழமை, ரயர் மாற்ற எங்கள் உப்புவெளிக் கராஜுக்கு வந்தவர், "இது ஏன் தம்பி சத்தம் போடுதில்லை? பழுதோ?" என்று கேட்டார். மோட்டர் எப்போது ஓடும், பெற்றோல் எஞ்சின் எப்போது வந்து கைகொடுக்கும், பிரேக் பிடித்தால் பற்றரி எப்படி நிரம்பும் என்று புழுதிபிடித்த நிலத்தில் விரலால் கீறி விளக்கினேன். முழுவதையும் கேட்டுவிட்டு "அப்பிடியோ" என்றார். அடுத்த நாள் எனக்கு வேலை.

அந்த "அப்பிடியோ"வைப் பற்றிச் சொல்ல வேண்டும். திலகம் அக்கா யாரையும் ஏசியதை நான் காணவில்லை. முன்பு வங்கியில் வேலை செய்தவர்; கணவர் போன பிறகு அவருடைய மைனரை வைத்து இந்தத் தொழிலைத் தொடங்கினார். கராஜ் வாசலில் ஒரு பிளாஸ்ரிக் கதிரை, கையில் பிளேன்ரீ. நாங்கள் சொல்கிற எதற்கும் "அப்பிடியோ" என்பார். இழுத்துச் சொன்னால் நம்பவில்லை என்று அர்த்தம். வெட்டிச் சொன்னால் ஏற்கெனவே தெரியும். தேநீரைக் குடித்தபடி, கோப்பைக்குள் சொன்னால் பிழை எங்களுடையது, இனிப் பேச்சு இல்லை.

கலியாணக் காருக்கு அவர் வைத்திருந்த முறைகள் ஒன்றும் எழுதி ஒட்டியவை அல்ல, ஆனால் மாறாதவை. கார் வீட்டு வாசலில் எப்போதும் வெளிப்பக்கம் பார்த்து நிற்க வேண்டும். மாப்பிள்ளையோ பெண்ணோ ஏறி உட்கார்ந்த பிறகு பின்னுக்கு எடுக்கக் கூடாது, ஓரடி கூடாது. நாலு சில்லுக்கும் முன்னால், கார் ஏறி நசிக்கத் தேசிக்காய். அது உருண்டு விலகிவிட்டால் சனத்தின் முகம் மாறிவிடும் என்பதால், ஒவ்வொன்றின் அடியிலும் நகத்தளவு சீவித் தட்டையாக்கி வைக்கச் சொல்வார். கடைசியாகத் திறப்பு. காருக்குக் கற்பூரம் காட்டுகிற தட்டில், வெற்றிலைக்கு மேல் திறப்பு இருக்க வேண்டும். கற்பூரம் காட்டி முடிந்ததும் வீட்டுத் தாய் வெற்றிலையோடு அதை எடுத்துச் சாரதியின் கையில் கொடுப்பார். அதன் பிறகுதான் கார் வெளிக்கிடும்.

ஹைபிரிட்டின் திறப்பு என்பது கறுப்பாய் ஒரு சின்னப் பெட்டி. அது பக்கத்தில் இருந்தாலே போதும், பொத்தானை அமத்தலாம். தட்டில் வைப்பதும் எடுப்பதும் இதற்கு அர்த்தமில்லாத வேலை என்று நான் அக்காவிடம் வாதாடிப் பார்த்தேன்.

"இதால தான் கார் ஓடுதோ?"

"ஓம் அக்கா, இது கிட்ட இருக்கவேணும்."

"அப்ப அது திறப்புத் தானே. தட்டில வை."

இனிப் பொறாமைக்கு வருகிறேன்.

முறைப்படி மாப்பிள்ளையும் பெண்ணும் மைனரில். நான் பின்னால், மாமிமாரோடு. என் காரில் ஏசிக் குளிர் இருந்தது, காற்றுப்பை இருந்தது, வீதிக் கிடங்கில் சில்லு விழுந்தாலும் மடியில் வைத்த பலகாரத் தட்டு அசையாது. மாமிமார் ஏறினால் இறங்க மாட்டார்கள். மண்டபத்து வாசலில், "கொஞ்சம் பொறு தம்பி, சனம் குறையட்டும்" என்று குளிரைக் குடித்துக்கொண்டு இருப்பார்கள். முன்னால் மைனருக்குள் பெண் கூறைச் சேலைக்குள் வெந்துகொண்டு இருப்பாள். ஆனால் இறங்கும்போது சிரித்துக்கொண்டு இறங்குவாள். அது எப்படி என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

மைனருக்கு முன் பொனற்றில் ஒரு பித்தளைத் துண்டு நீட்டிக்கொண்டு இருக்கும், மாலை கட்டவே செய்து விட்டது போல. என் காரின் முகம் முழுக்கப் பிளாஸ்ரிக், காந்தமும் பிடிக்காது. எப்படியாவது மாலையைக் கட்டினாலும், முன்னால் ஏதோ மறிக்கிறது என்று சென்சர் கீக் கீக் என்று கத்தத் தொடங்கிவிடும். கலியாண வீட்டில் மாலையோடு நிற்கிற நேரமெல்லாம் என் கார் அழுதுகொண்டுதான் நிற்கும். என் காரின் பெரிய பெருமை பின்பக்கக் கமரா. இரவில்கூடப் பூனையைக் காட்டும். கலியாணத்தில் பின்னுக்கு எடுக்கவே கூடாது.

மைனரின் பக்கவாட்டில், கதவுக்குப் பின்னால், திரும்புவதற்கு ஒரு மஞ்சள் கை வெளியே வரும். விளக்கு இல்லை, கைதான். ஒரு சாண் நீளம். அதைக் காண்பதற்காகவே சின்னப் பிள்ளைகள் சந்தியில் நிற்பார்கள். அக்ஸிலேற்றரில் இருந்து கால் எடுத்தால் பின்குழாயில் இருந்து பர்ர்ர் என்று ஒரு சத்தம். உட்துறைமுக வீதியில் மைனர் வேகத்தைக் குறைத்தால் மண்டபத்துக்குள் இருப்பவர்களுக்கு, மாப்பிள்ளை வந்துவிட்டார் என்று தெரியும், நாதஸ்வரக்காரர் எழும்பி நிற்பார். நான் பின்னால் சத்தமில்லாமல் வந்து நிற்பேன். ஒருவரும் திரும்ப மாட்டார்கள். சிலர் பயந்து விலகுவார்கள்.

அதை ஓட்டியவர் பேனாட் அண்ணை, பாலையூற்றுக்காரர், ஐம்பதைத் தாண்டியவர், மீசைக்கு மை பூசுகிறவர். மைனரின் கண்ணாடியில் பின்னால் வருகிற வாகனத்தைப் பார்த்ததை விட மீசையைப் பார்த்ததுதான் அதிகம். மாப்பிள்ளைமார் அவரோடு படம் எடுப்பார்கள். பெண்கள், "அங்கிள், அந்தக் கையை ஒருக்கா காட்டுங்கோ" என்பார்கள். அவரும் அரசர் வரம் கொடுப்பது போல அதன் சுவிச்சைத் தட்டுவார். திருகோணமலையில் எத்தனையோ வீட்டு அல்பங்களில் அவருடைய மீசை இருக்கிறது. என்னுடையது என்று தேடினால், ஓரத்தில் ஒரு வெள்ளை பம்பர்.

"நீ வந்தது எனக்குத் தெரியேல்லையடா" என்பார் மண்டபத்து மரநிழலில். "ஆரின்ரையோ போன் கீக் கீக் எண்டுது எண்டு நினைச்சன்."

"அண்ணை, உங்கட கார் ஒரு கார் இல்லை. அலுமாரிக்குச் சில்லுப் பூட்டினது."

"அலுமாரிக்குள்ள தானே தம்பி நகை வைக்கிறது. பிரிட்ஜுக்குள்ள மீன் தான் வைப்பினம்."

இதற்கு ஒரு பதிலை வீட்டுக்குப் போய்க் குளிக்கும்போதும் தேடினேன்.

நான் சும்மா இருக்கவில்லை. முன்பதிவுக்கு வருகிறவர்களிடம், அக்கா தேநீர் போட உள்ளே போகிற நேரம் பார்த்து, மைனரைப் பற்றி ஒரு சொல் போடுவேன். சூடேறினால் தண்ணீர் கொதிக்கும் என்பேன். கொதித்த பிறகு நிற்பாட்டினால் பெற்றோல் மேலே ஏறாது, ஸ்ராட் ஆகாது என்பேன். முழுதாக நின்றால்தான் முதல் கியர் விழும், மேட்டில் நின்றால் பாடு என்பேன். ஒன்றும் பொய் இல்லை. தலையை ஆட்டிக் கேட்பார்கள். பிறகு மைனரைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதுதான் முன்னுக்கு" என்பார்கள்.

இப்படியே வருடங்கள் போன பிறகுதான் நிலாவெளியில் இருந்து கஜன் என்ற மாப்பிள்ளை வந்தார். வெளிநாட்டில் இருந்து கலியாணத்துக்கு வந்திருந்தார். மைனரை ஒரு தரம் சுற்றிப் பார்த்தார். நான் மனதுக்குள் சரி என்று விட்டுவிட்டேன். அவர் திரும்பி, "அக்கா, எனக்கு வெள்ளைக் கார் தான் முன்னுக்குப் போகவேணும்" என்றார். பெண்ணுக்குப் பெற்றோல் மணம் ஒத்துவராதாம். பழைய காரில் ஏறினால் சத்தி எடுப்பாளாம். போகும்போது அவர் மட்டும்; திரும்பும்போது அவளும் அதே காரில்.

திலகம் அக்கா என்னைப் பார்த்தார். "அப்பிடியோ" என்றார், வெட்டி.

என் கார் முன்னுக்கு. மைனர் பின்னால், மாமிமாரோடு. பேனாட் அண்ணை கவலைப்படுவார் என்று ஆசையோடு எதிர்பார்த்தேன். "நல்லதடா, நான் ஒரு நாளைக்கு மாமிமாரோட சிரிச்சுக் கதைச்சுப் பம்பலடிச்சுக்கொண்டு வாறன்" என்றார். அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை. நான் இருந்த இடத்தில் இருக்க அவருக்கு வலிக்கக்கூட இல்லை.

கலியாணத்தன்று காலை காரை நிலாவெளி வீட்டு வாசலில் வெளிப்பக்கம் பார்த்து நிறுத்தினேன். தேசிக்காய் நாலையும் நானே சீவி நானே வைத்தேன். மாலை கட்டினேன். கார் கீக் கீக் என்று தொடங்கியது. இன்றைக்கு நல்லாய்க் கத்து என்று விட்டுவிட்டேன். கறுப்புத் திறப்பைப் பொக்கற்றில் இருந்து எடுத்து, மாப்பிள்ளையின் தாயார் வைத்திருந்த தட்டில் வெற்றிலைக்கு மேல் வைத்தேன். முன் இருக்கையில் மாப்பிள்ளையின் அக்கா புருஷன் ஏறினார். எல்லோரும் அத்தான் என்றார்கள், நானும் அத்தான் என்றேன். பின்னால் தலைப்பாகையோடு கஜன்.

தாயார் கற்பூரம் காட்டத் தொடங்கும்போது கமராக்காரர் என் கண்ணாடியைத் தட்டினார். "தம்பி, உங்கட கார் சத்தமில்லாமல் வெளிக்கிடும் தானே? கற்பூரம் எரிய எரிய, கார் மெல்ல அசையவேணும். மைனரில இது எடுக்கேலாது."

மைனரில் இது எடுக்கேலாது. எனக்கு வேறென்ன வேண்டும்? பொத்தானை அமத்தினேன். தட்டு என் கதவுக்குப் பக்கத்திலேயே இருந்ததால் கார் உடனே உயிர்பெற்றது. தாயார் கற்பூரத்தைச் சுற்றினார், குனிந்து வெற்றிலையை எடுத்து என் கையில் தந்தார். நான் அதைக் கண்ணில் ஒற்றிப் பொக்கற்றில் வைத்தேன். மேளம் கொட்ட, மேளக்காரரைப் பார்த்தபடி பிரேக்கில் இருந்து காலை மெல்ல எடுத்தேன். நாலு தேசிக்காயும் ஒரே நேரத்தில் நசிந்தன. அப்படி ஒரு நசியலை நான் முன்பு கேட்டதில்லை. கார் இன்னும் இரண்டு விதமாகக் கத்தியது. மாலைக்குத்தான் கத்துகிறது என்று நினைத்தேன். யார்தான் நினைக்க மாட்டார்கள்? அது வந்த நாளில் இருந்து கலியாண வீட்டில் கத்திக்கொண்டுதான் இருந்தது.

மாப்பிள்ளை வீட்டாரின் பஸ் முன்பே போய்விட்டது. பின்னால் மைனரில் தாயாரும் அவருடைய இரண்டு சகோதரிகளும், முன்னால் பேனாட் அண்ணைக்குப் பக்கத்தில் கமராக்காரரும். கரையோர வீதியில் என் கண்ணாடிக்குள் மைனர் சின்னதாகத் தெரிந்தது. அந்தக் காட்சியை நான் அவசரப்படாமல் பார்த்தேன்.

சாம்பல்தீவுப் பக்கம் வீதியோரம் ஒரு பிள்ளையார் கோயில். அங்கே தேங்காய் உடைத்துவிட்டுப் போவது அவர்கள் வழக்கம். நிறுத்தி, இறங்கி, முறைப்படி பின்கதவைத் திறந்து மாப்பிள்ளையை இறக்கினேன். காரை நிற்பாட்டவில்லை, உள்ளே அத்தான் இருந்தார், குளிர் ஓடட்டும் என்று விட்டேன். தேங்காய் நன்றாக உடைந்தது. திரும்பி வந்தால் அத்தான் வியர்வையோடு, ஆனால் திருப்தியோடு இருந்தார்.

"தம்பி, கார் நிண்டிட்டுது. சத்தத்தையே காணேல்ல. நான் பொத்தானை அமத்தி ஸ்ராட் பண்ணி விட்டனான்."

சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்த காரை அவர் நிற்பாட்டியிருந்தார். அது பெரிய விஷயமில்லை. பிரேக்கை மிதித்துப் பொத்தானை அமத்தினேன். திரையில், திறப்பு இல்லை என்று வந்தது. இடது பொக்கற்றுக்குள் கையை விட்டேன். வெற்றிலை மட்டும் இருந்தது.

மாப்பிள்ளையின் தாயார் மைனரில் இருந்து இறங்கி வந்தார். தட்டு எங்கே என்று கேட்டேன். சாமி அறையில், விளக்குக்குப் பக்கத்தில் வைத்ததாகச் சொன்னார். வெற்றிலைக்கு மேல் கறுப்பாய் ஏதோ இருந்தது, காருக்குப் பூசை செய்கிற சாமான் என்று நினைத்துத் தட்டிலேயே தள்ளி வைத்தேன் என்றார். வீடு பூட்டியாயிற்று. திறப்புக்கோர்வை அவருடைய கைப்பையில்.

பேனாட் அண்ணையும் வந்து நின்றார். கையில் துணி, மைனரின் முன் விளக்கைத் துடைத்தபடி நின்றார். அவர் ஏதாவது நக்கலாகச் சொல்லியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"தம்பி, நீங்கள் சொல்லுங்கோ" என்றார் தாயார். "முகூர்த்தத்துக்கு இன்னும் நேரம் கிடக்கு, ஆனா கனக்க இல்லை. இவன் இதுக்குள்ளேயே இருக்கிறதோ, அதுக்குள்ள ஏறுறதோ?"

இரண்டு வழி. மாப்பிள்ளையை மைனரில் ஏற்றினால் ஒரு சிக்கலும் இல்லை. பர்ர்ர் என்று மண்டபத்தில் போய் இறங்குவார், நாதஸ்வரக்காரர் எழும்புவார், நான் நடுவீதியில் செத்த காரோடு நிற்பேன். மற்றது, பேனாட் அண்ணை மைனரில் திரும்பி நிலாவெளிக்கு ஓடித் திறப்பை எடுத்து வருவது. போய் வரலாம். மைனர் தண்ணீர் கொதிக்காமல், நின்ற இடத்தில் மறுபடி ஸ்ராட் ஆகி, இந்த வெயிலில் இரண்டு தடவை அந்தத் தூரத்தை ஓடினால். அதாவது, ஊரெல்லாம் அது செய்யாது என்று நான் சொல்லித் திரிந்த அத்தனையையும் அது செய்தால்.

என் கலியாணம் மைனரின் கையில் இருந்தது.

"இருக்கட்டும் அம்மா" என்றேன். "பேனாட் அண்ணை போய் எடுத்துக்கொண்டு வருவார்."

பேனாட் அண்ணை துடைப்பதை நிறுத்தினார். "எதில?"

"மைனரில."

"அலுமாரியிலயோ?"

"ஓம் அண்ணை. கெதியாய்ப் போங்கோ."

அவர் கஜனைப் பார்த்தார். மாப்பிள்ளை அவர்தானே. கஜன் தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்தார். "அவ இதில தான் திரும்பி வரவேணும் அண்ணை. திறப்பு எப்பிடியும் வேணும் தானே. போயிட்டு வாங்கோ" என்றார். பேனாட் அண்ணை தாயாரின் திறப்புக்கோர்வையை வாங்கினார், மாமிமார் இறங்கினார்கள், மைனர் மஞ்சள் கையைக் காட்டித் திரும்பிப் போயிற்று. ஆளில்லாத வீதியில் யாருக்குக் கை காட்டினார் என்று தெரியவில்லை.

காத்திருந்த நேரத்தைப் பற்றிச் சொல்கிறேன். என் கார் அன்றைக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி. மின் இல்லாததால் கண்ணாடி இறங்காது, குளிர் வராது. நாலு கதவையும் திறந்து வைத்தோம். மாப்பிள்ளையின் நெற்றிச் சந்தனம் வழிந்தது. தாயார் சேலைத் தலைப்பால் ஒற்றினார். மாமி ஒருத்தி, எத்தனையோ தடவை என் காரில் குளிர் குடித்தவள் போல ஒருத்தி, "நல்ல கார் தான், ஆனா பழசு பழசு தான்" என்று மற்றவளிடம் சொன்னாள், எனக்குக் கேட்கும்படி. அத்தான் மூன்று தரம் மன்னிப்புக் கேட்டார், மூன்று தரமும் "சத்தமே இல்லைத் தம்பி" என்று முடித்தார்.

நான் வீதிக்கு நடுவில் நின்று நிலாவெளிப் பக்கம் பார்த்தேன். மைனரைப் பற்றிச் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. இப்போது தண்ணீர் கொதித்திருக்கும். இப்போது வீட்டு வாசலில் நிற்பாட்டியிருப்பார். நிற்பாட்டாதீங்கோ அண்ணை, ஓடவிட்டுவிட்டு இறங்குங்கோ. இப்போது பெற்றோல் ஏறாமல் பொனற்றைத் திறந்து ஊதிக்கொண்டு நிற்பார். இவ்வளவு விரிவாக அந்தக் காரை நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அதன் ஒவ்வொரு நட்டையும் கும்பிட்டுக்கொண்டு நின்றேன், கோயில் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

கஜனின் போன் அடித்தது. பெண் வீட்டில் இருந்து. ஐயர் கேட்கிறாராம். "வாறம், வாறம்" என்றார், என்னைப் பார்த்தபடி.

"தம்பி," என்றார் தாயார். இந்தத் தடவை "நீங்கள்" என்ற மரியாதை இல்லை. "வழியில போற வான் ஒண்டை மறி."

மறிக்கக் கையைத் தூக்கினேன். அப்போதுதான் வளைவுக்கு அப்பால் அந்தச் சத்தம். பர்ர்ர். கால் எடுக்கிற சத்தம். உட்துறைமுக வீதியில் எத்தனையோ தடவை என் வயிற்றை எரித்த அதே சத்தம். கமராக்காரர் என்னைத் தள்ளிவிட்டு வீதிக்கு ஓடி, முழங்காலில் இருந்தார்.

வளைவில் இருந்து மைனர் வெளிப்பட்டது. கோயில் பக்கம் ஒதுங்க அதன் மஞ்சள் கை ஒரு பக்கம் நீண்டிருந்தது. மற்றப் பக்கக் கண்ணாடியால் பேனாட் அண்ணையின் கை, தோள் வரை வெளியே, விரல்களுக்கு இடையில் கறுப்புத் திறப்பு. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு யாரோ ஓடி வருவதுபோல இருந்தது. மாமிமார் கைதட்டினார்கள். நானும் தட்டியிருப்பேன், கை மறித்த நிலையிலேயே நின்றது.

"எஞ்சினும் நிக்கேல்ல, தண்ணியும் கொதிக்கேல்ல" என்றார் பேனாட் அண்ணை, திறப்பை என் கையில் வைத்து. "கொண்டு போடா உன்ர மாப்பிள்ளையை."

கமராக்காரரை என் காரில் நெருக்கிக்கொண்டு ஏறச் சொன்னேன். நான்தான் முதலில் போய்ச் சேருவேன், வாசலில் இறங்குவதை எடுக்க வேண்டுமே. அவர் படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இல்லைத் தம்பி, மைனருக்குள்ள இருந்து இன்னும் ரெண்டு எடுக்கவேணும்" என்றார்.

மண்டபத்துக்கு நான் சத்தமில்லாமல் போய்ச் சேர்ந்தேன். முகூர்த்தம் தவறவில்லை. ஆனால் ஐயர் அவசரப்படுத்தியதில் வாசலில் நின்றவர்கள் எல்லாம் உள்ளே போயிருந்தார்கள். பெண்ணின் தம்பி ஒருவன் மட்டும் செம்போடு ஓடி வந்து மாப்பிள்ளையின் காலைக் கழுவி, கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினான். நான் கதவைப் பிடித்தபடி நின்றேன். மாலை கட்டிய கார், முறைப்படி திறந்த கதவு, முதல் கார். ஒரு போன்கூட என் பக்கம் திரும்பவில்லை. பிறகு மைனர் வந்தது. அதன் சத்தத்துக்கு நாதஸ்வரக்காரர் பழக்கதோஷத்தில் எழும்பி, மாப்பிள்ளை மணவறையில் இருப்பதைக் கண்டு, மறுபடி இருந்தார்.

திரும்பும்போது பெண் என் காரில்தான் வந்தாள். சத்தி எடுக்கவில்லை. நல்ல கார் என்று ஒரு சொல் சொன்னாள். அதைக் கேட்டது நான் மட்டும்.

திலகம் அக்கா முழுவதையும் கேட்டார், கோப்பைக்குள் "அப்பிடியோ" என்றார். பிறகு கறுப்புப் பெட்டியை வாங்கி, அதன் பக்கத்தில் ஒளிந்திருக்கிற சின்ன இரும்புத் திறப்பை மட்டும் உருவி எடுத்தார். அதன் பிறகு தட்டில் இரும்பு, என் பொக்கற்றில் பெட்டி. முறையும் கெடவில்லை, காரும் நிற்கவில்லை. புதிதாகச் சேர்ந்த இருவரும் இதைக் கட்டாயம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

அந்தப் படத்தைக் கமராக்காரர் அனுப்பினார். திலகம் அக்கா கராஜ் வாசலில் பெரிதாக மாட்டினார். முன்பதிவுக்கு வருகிறவர்கள் விலை கேட்க முதல் அதைத்தான் கேட்டார்கள். என்ன நடந்தது என்று பேனாட் அண்ணை சொல்வார். ஒவ்வொரு தடவையும் வெயில் கூடும், தூரம் கூடும். கஜன் ஒவ்வொரு வருடமும் கலியாண நாளில் அதை அவருக்கு அனுப்புகிறார். என் ஒரே ஒரு முதல் வரிசைக் கலியாணத்தின் படம், மைனர்.

துறைமுகத்தில் வேலை கிடைத்து நான் விலகிய அன்று, கேக் வெட்டி, அக்கா ஒரு பொதியைத் தந்தார். பிரித்தால் அதே படம், பிரேம் போட்டு, சுற்றிவர வெள்ளை மட்டை வைத்து. "உன்ர கலியாணம்" என்றார். அவர் நக்கலாகச் சொல்லவில்லை. பேனாட் அண்ணை என் தோளில் கை போட்டு, தன் கை எவ்வளவு வடிவாய் விழுந்திருக்கிறது என்று காட்டினார்.

வீட்டில் மாட்டினேன். சாப்பிடும்போது எதிரே இருந்தது. ஒரு நாள் கிட்டப் போய்ப் பார்த்தபோது, வலப் பக்க ஓரத்தில், மட்டை தொடங்குகிற இடத்தில், ஒரு வெள்ளைக் கீற்று. மயிரளவு. என் காரின் பொனற். மட்டைக்கு அடியில் இன்னும் இருக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது. அடுத்த நாளே கழற்றிக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள பிரேம் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஆணிகளைக் கழற்றி மட்டையைத் தூக்கினார். இருந்தது. பொனற், ஒரு முன் விளக்கு, மாலையின் ஒரு நுனி.

"இதை வெளியில கொண்டுவரலாமோ?" என்று கேட்டேன்.

அவர் படத்தை மட்டைக்குக் கீழே அசைத்துப் பார்த்தார். "இடப் பக்கம் தள்ளினால் வெள்ளைக் கார் வரும். ஆனா அந்தப் பக்கம், திறப்பு வைச்சிருக்கிற இந்தக் கை மட்டைக்குள்ள போயிடும். வடிவான கை. பரவாயில்லையோ?"

"எவ்வளவு தள்ள ஏலும்?" என்றேன்.